ஏழாம் குழாயின் புளிப்பு

பீர் விற்கிற இடத்தை மேலே நின்று பார்ப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். பளபளக்கும் டேப், மஞ்சள் விளக்கு, கிளாஸ் விளிம்பில் நுரை, இவ்வளவுதான் அவர்கள் கண்ணில் படும். குழாய்க்காரர் அதையே கீழேயிருந்து பார்ப்பவர். நகரத்தில் ஒன்பது பார்களில், நிலவறையில் இருக்கும் பீப்பாய்களிலிருந்து மேலே டேப் வரைக்கும் ஓடுகிற பிளாஸ்டிக் குழாய்களைப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கழுவிவிடுவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் செய்கிறார். இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாய் பீர் குடித்ததில்லை. கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது. குழாய்க்குள் என்ன வளரும் என்று அவருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அதற்கு விஞ்ஞானத்தில் பெயரெல்லாம் இருக்கிறது. பெயரை விடுங்கள். கொழகொழவென்று, வெளுத்த சவ்வு மாதிரி, குழாயின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாத்திரம் துடைத்த ஈரத்துணியை டப்பாவில் போட்டு மூடி ஒரு வாரம் கழித்துத் திறந்தால் வருமே, அந்த நாற்றம். கழுவாமல் விட்ட குழாயில் பீர் அதைத் தடவிக்கொண்டுதான் மேலே ஏறிப் போகும். மேலே இருப்பவர்கள் வாங்கி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, நிறம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்கள். அந்தக் கண் மூடுகிற அழகைப் பார்த்தாலே குழாய்க்காரருக்குக் குடலைப் பிடுங்கும்.

அப்பேர்ப்பட்டவரைத்தான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் பீர் குடிக்க அனுப்பிவைத்தாள் அவருடைய மனைவி.

"என் தம்பி வேலைய விடப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறான்," என்றாள், சட்டையை எடுத்துக் கொடுத்தபடி. "பதினாலு வருஷ வேலை. ரெண்டு புள்ளைங்க. நான் சொன்னா எங்க கேக்கறான்? நீங்க சொன்னாத்தான் கேப்பான். போய் ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. நெஜமாவே அவன் பீர்ல விஷயம் இருந்தா விட்டுட்டுப் போகட்டும். இல்லன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க."

"நான் குடிக்க மாட்டேன்னு உனக்குத் தெரியாதா?"

"துப்பிடுங்க. யாரு வேண்டாம்னா?"

மச்சினன் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். நகரத்தில் பாதிப் பேர் மாடி ஏறுவது அவன் புண்ணியத்தில். மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு சிநேகிதன் வீட்டில் பீர் காய்ச்சுவதைப் பார்த்துவிட்டு வந்தான், அன்றைக்குப் பிடித்தது. வண்டி நிறுத்துகிற ஷெட்டிலிருந்து வண்டி வெளியே போயிற்று, அண்டாவும் அடுப்பும் உள்ளே வந்தன. கோதுமை பீர் காய்ச்சினான். அது போதாதென்று சனிக்கிழமைகளில் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு பார் பாராக ஏறி இறங்கவும் ஆரம்பித்தான். அதற்குப் 'பீர் நடை' என்று பெயர். ஒரே பாரில் உட்கார்ந்து குடிப்பவனைக் குடிகாரன் என்கிறார்கள். நாலு பாரில் நின்றுகொண்டு குடிப்பவனை ரசிகன் என்கிறார்கள். குழாய்க்காரருக்கு இரண்டு பேரையும் பிடிக்காது. ரசிகனை ஒரு பிடி கூடுதலாகவே பிடிக்காது, ஏனென்றால் அவன் பேசுவான்.

நடை ஆரம்பிப்பதும் முடிவதும் ஒரே இடத்தில். தெருவிலிருந்து ஏழெட்டுப் படி ஏறிப் போக வேண்டிய ஒரு பழைய பார். அதன் முதலாளிதான் பத்து வாரத்துக்கு முன்னால் மச்சினனுடைய பீருக்கு ஒரு டேப் கொடுத்தவர். பன்னிரண்டு டேப்பில் கவுண்டரின் மூலையில் இருக்கும் ஏழாவது. இது குழாய்க்காரர் கழுவுகிற ஒன்பது பார்களில் ஒன்று.

இரண்டு மணிக்கு அவர் போனபோது கூட்டம் நின்றுகொண்டிருந்தது. தரையில் நேற்றைய பீர் காய்ந்து, செருப்பு ஒவ்வொரு அடிக்கும் 'பிச் பிச்' என்று பிரிந்து வந்தது. கவுண்டர் மேல் விரித்திருந்த ரப்பர் பாயின் பள்ளங்களில் பழுப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதே பாயில் கையை ஊன்றி, அந்தக் கையாலேயே மீசையை நீவிக்கொண்டிருந்தார் ஒரு பல் டாக்டர். ஊரார் வாயைச் சுத்தம் செய்கிற மனிதர். பக்கத்தில் ஒருவர் குறிப்பேடும் பென்சிலுமாக நின்றார். அவர் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் இந்த நகரத்தில் பாதி ரசிகர்கள் எதைக் குடிப்பது என்று முடிவு செய்வார்களாம். அவரை எல்லோரும் 'நோட்டு' என்று கூப்பிட்டார்கள். அவரும் அதை ஒரு பட்டமாக ஏற்றுக்கொண்டவர் மாதிரிதான் தெரிந்தது.

மச்சினன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"அத்தான், நீங்க வந்ததே எனக்குப் பாதி ஜெயிச்ச மாதிரி. சாயந்திரம் ஆறு மணிக்கு பெரிய கம்பெனியிலேர்ந்து ஒரு அம்மா வர்றாங்க. புடிச்சிருந்தா நம்ம பீர அவங்க ஆலையிலயே காய்ச்சப் போறாங்க. என்னையும் உள்ள எடுத்துக்குறாங்க. திங்கக்கிழமை லிஃப்ட் கம்பெனிக்கு ஒரு கும்பிடு."

"அவங்களுக்குப் புடிக்கலன்னா?"

"வேலைக்குப் போவேன். அக்காகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஆனா புடிக்கும் அத்தான். வீட்டுல குடிச்சா வெறும் கோதுமை பீருதான். பீப்பாய இங்க கொண்டாந்து எறக்கினப்பறம் என்னமோ ஆகுது. ஒரு புளிப்பு ஏறுது பாருங்க, அப்படி ஒரு புளிப்பு. எனக்கே புரியல. என் ஈஸ்ட்டு கடைசியா ஏதோ வேலை காட்டுதுன்னு நெனைக்கிறேன்."

அப்போதே குழாய்க்காரருக்கு மூக்கு வேர்த்தது. கிளாஸ்கள் நிரம்பின. நோட்டு தன் மூக்கைக் கிளாசுக்குள் முக்காவாசி விட்டு, வெளியே எடுத்து, கூரையைப் பார்த்தார்.

"மழையில நனைஞ்ச பழத்தோட்டம்," என்றார்.

"வெண்ணெய்," என்றார் பல் டாக்டர். "நல்ல நாட்டு வெண்ணெய். கொஞ்சம் தோல் வாசனை. குதிரைச் சேணம் மாதிரி."

"லாயம்னே சொல்லலாம்," என்றாள் ஓர் இளம் ஜோடியில் இருந்த பெண். எல்லோரும் ஆமோதித்தார்கள். லாயத்தை வாயில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்திலும் சுளிப்பில்லை.

குழாய்க்காரர் கிளாசை மூக்கருகே கொண்டுபோனார். குடிக்கவே தேவையிருக்கவில்லை. இருந்தாலும் மனைவி சொன்னதற்காக ஒரு வாய் வைத்தார். பழத்தோட்டமும் இல்லை, சேணமும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக வாளி வாளியாகச் சாக்கடையில் கொட்டிய அதே சரக்கு, இப்போது அவர் நாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. கழிப்பறைக்கு ஓடிப்போய்த் துப்பினார். அந்தக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நல்லது. அங்கே துப்பியபோதுகூட வாயில் இருந்ததுதான் அதிக அசிங்கமாக இருந்தது.

பீரில் தப்பில்லை. தப்பு குழாயில். குழாய் யார் பொறுப்பு?

நடந்தது இதுதான். நிலவறைக் கதவில் ஓர் அட்டை தொங்கும். பன்னிரண்டு குழாய்க்குப் பன்னிரண்டு கட்டம், மேலே தேதி. கழுவிய ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியாக டிக் போட வேண்டும் என்று சட்டம். தொழிலில் எவனும் அப்படிப் போடுவதில்லை. எல்லாம் கழுவிய அன்று ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே கோடாக இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். ஏழாவது டேப் எட்டு மாதமாகப் பீப்பாய் இல்லாமல் சும்மா கிடந்தது. சும்மா கிடந்த குழாயை அவர் கழுவவில்லை. கோடு மட்டும் அதன் மேலேயும் ஓடியது. அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு மச்சினனின் பீர் அங்கே வந்தது. வந்தது அவருக்குத் தெரியும். ஆனால் ஏழாவது குழாய் மற்றவற்றோடு சேர்ந்து ஓடுவதல்ல. படிக்கட்டுக்கு அடியில் தனியாகச் சுற்றிப் போவது. அதைக் கழுவ வேண்டுமென்றால் குப்புறப் படுத்துத் தவழ்ந்து உள்ளே போக வேண்டும். முதல் தடவை முழங்கால் வலித்தது. இரண்டாவது தடவை வேறு பாரில் அவசரம். மூன்றாவது தடவை, உண்மையைச் சொன்னால், இந்தப் பயல் பீரை எவன் குடிக்கப் போகிறான், இன்னும் ரெண்டு வாரத்தில் முதலாளியே தூக்கிக் கடாசிவிடுவார் என்று நினைத்தார். கோடு போட்டார். ஐந்து தடவை கோடு போட்டார்.

ஊரெல்லாம் அசிங்கம் பிடித்தவர்கள் என்று முகம் சுளித்துக்கொண்டு திரிந்தவர், தன் மச்சினனின் பீரைத் தானே சாக்கடை வழியாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

கூட்டம் அடுத்த பாருக்கு நடந்தது. அவரும் கூட நடந்தார். வழியில் மச்சினனின் தோளைத் தொட்டுச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தார். சொன்னால் என்ன ஆகும்? 'உன் பீர்ல விஷயமில்ல மாப்ள, நான் கழுவாத குழாய்லதான் விஷயம்.' அவன் முதலாளியிடம் கேட்பான். முதலாளி அட்டையைப் பார்ப்பார். ஒரு பாரில் பொய்க் கோடு போட்டவன் என்று தெரிந்தால் மற்ற எட்டுப் பார்களில் யார் நிலவறைச் சாவியைக் கொடுப்பார்கள்? மனைவி வேறு இருக்கிறாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாவது பாரில் ஒருவர் சிகரெட் சாம்பல் தட்டு மாதிரி இருக்கிறது என்று ஒரு கறுப்பு பீரைப் புகழ்ந்தார். மூன்றாவது பாரில் பல் டாக்டர், வாய் கொப்பளிப்பதுபோல் பீரைக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, விழுங்கி, ஏப்பம் விட்டு, அந்த ஏப்பத்தையும் ரசித்தார். ஏப்பத்தில் இரண்டாவது சுவை தெரியுமாம். மேஜைக்கு அடியில் யாரோ வாந்தியெடுத்ததைத் துடைத்த துணி, துடைத்த இடத்திலேயே கிடந்தது. எப்போதும் இந்த மாதிரி இடத்தில் குழாய்க்காரருக்கு ஒரு கர்வம் இருக்கும். நீங்களெல்லாம் இப்படி, நான் அப்படி இல்லை என்று. இன்றைக்கு அந்தக் கர்வத்தைத் தேடிப் பார்த்தார், இல்லை.

மணி நாலேகால். அவருக்கு ஒரு யோசனை வந்தது. கோழையின் யோசனைதான், ஆனால் வந்த வேகத்தில் அது அவருக்கு நல்ல யோசனையாகவே தெரிந்தது. குழாயை இப்போதே கழுவிவிட்டால் என்ன? ஆறு மணிக்கு அந்தம்மா குடிக்கும்போது வெறும் கோதுமை பீர் வரும். பிடிக்கவில்லை என்பார். மச்சினன் சத்தியப்படி வேலைக்குப் போவான். இரண்டு பிள்ளைகளும் பிழைத்துக்கொள்ளும். யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை.

"முட்டி வலிக்குது மாப்ள. நான் போய் மொதப் பார்ல உக்காந்திருக்கேன்," என்றார்.

"போங்க அத்தான், நாங்க பின்னாடியே வந்துடறோம்," என்றான் அவன், பாவி, அக்கறையோடு.

படி ஏறிப் போகும் அந்தப் பழைய பாரில் முதலாளி இல்லை. அந்தம்மாவை அழைத்துவரப் போயிருந்தார். கவுண்டரில் ஏழாவது டேப்புக்கு மறுகோடியில் இருந்தவன் போனில் முகம் புதைத்திருந்தான். குழாய்க்காரர் நிலவறையில் இறங்குவதும் ஏறுவதும் அவனுக்கு ஒரு செய்தியே அல்ல. அவர் குழாய் கழுவுகிற மருந்து கேனும் வாளியும் எப்போதும் அங்கேயேதான் இருக்கும். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் குப்புறப் படுத்தார்.

உள்ளே எலிப்புழுக்கையும் ஒட்டடையும் முகத்தில் அப்பின. பீப்பாயைக் கழற்றி மருந்தைப் பொருத்தினார். அந்த மருந்து ஊதா நிறம்; அழுக்கைத் தொட்டால் பச்சையாகிவிடும். ஒழுங்காகக் கழுவுகிற குழாயில் கடைசிவரை ஊதாவாகவே வரும். மேலே போய் ஏழாவது டேப்பைத் திறந்து வாளியைப் பிடித்தார். பச்சைகூட இல்லை. பழுப்பாக வந்தது. பிறகு குழாய் ஒரு தடவை விக்கியது. விக்கிவிட்டு, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சவ்வுத் துண்டைத் துப்பியது. பின்னாலேயே இன்னொன்று. மூக்கு சிந்தியதுபோல் வாளியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழுக்கி இறங்கியது. பல் டாக்டரின் வெண்ணெய் அதுதான். நோட்டின் பழத்தோட்டமும் அதுதான். குழாய்க்காரர் வாளியைக் கையில் பிடித்தபடியே அதற்குள் வாந்தியெடுத்தார்.

மருந்தை இருபது நிமிடம் ஊறவிட்டார். இரண்டாவது முறை மருந்து ஓட்டினார். தண்ணீர் ஓட்டினார், மறுபடி தண்ணீர், மறுபடி தண்ணீர். மருந்து மிச்சமில்லை என்று சோதனைக் காகிதத்தில் பார்த்துக்கொண்டார். அந்த விஷயத்தில் அவர் மாதிரி கவனம் யாருக்கும் வராது. பீப்பாயைத் திரும்பப் பொருத்தி, பீர் தெளிந்து வரும்வரை விட்டார். முகம் கழுவினார். அட்டையில் எழுத ஒன்றும் இருக்கவில்லை. கோடுதான் ஏற்கனவே இருந்ததே.

ஆறு மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். கம்பெனி அம்மா ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஏழாவது டேப்பிலிருந்து முதல் கிளாஸ் அவருக்குப் போனது. ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். மச்சினன் மூச்சை விடாமல் நின்றான்.

"நல்லா இருக்கு," என்றார் அவர். "சுத்தமான கோதுமை பீர். ஆனா இந்த மாதிரி எங்ககிட்டயே நாலு இருக்குங்க. வேற ஏதோன்னு சொன்னாங்களே?"

நோட்டு வாங்கிக் குடித்தார். குறிப்பேட்டை மூடிவைத்தார். "இது அது இல்ல."

"பீப்பாய மாத்திட்டியா?" என்றார் முதலாளி.

"இல்லண்ணே. மத்தியானம் குடிச்ச அதே பீப்பாய்." மச்சினன் ஒரு கிளாஸ் பிடித்துத் தானே குடித்துப் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனதைக் குழாய்க்காரரால் பார்க்க முடியவில்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. முடிந்தது. திங்கட்கிழமை லிஃப்டுக்குப் போவான்.

அந்தம்மா எழுந்தபோது மச்சினன் சட்டென்று திரும்பினான்.

"அத்தான். நீங்க சொல்லுங்க. குழாய்ல எதுனா கோளாறா?"

"குழாய் சுத்தமாத்தான் இருக்கு," என்றார். பொய்யில்லை.

"இப்ப இல்ல அத்தான். இதுக்கு முன்னாடி. இத்தன நாளா குழாய் அழுக்கா இருந்து அதுல வந்த ருசியா அது? அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க. நான் அசிங்கத்தத்தான் பெருமையா வித்திருக்கேன்னு இத்தோட தலை முழுகிடறேன். கோவிச்சுக்க மாட்டேன். சத்தியமா."

இதைவிட நல்ல வாசல் ஒருவருக்குத் திறக்காது. ஆனால் முதலாளி அதற்குள் நிலவறைக் கதவிலிருந்து அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதை அந்தம்மாவிடம் நீட்டினார்.

"எங்க எடத்துல அந்தப் பேச்சே கெடையாதுங்க. பாருங்க, பதினஞ்சு நாளுக்கு ஒரு தடவை, ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும். அண்ணன் கையெழுத்து. இந்த ஊர்லயே இவர மாதிரி ஆளு கெடையாது."

எல்லோரும் கோடுகளைப் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பல் டாக்டர் மரியாதையாகத் தலையசைத்தார்.

"அப்படி எல்லாம் இருக்காது மாப்ள," என்றார் குழாய்க்காரர். "தவறாம கழுவறேன். நீ வந்த நாள்லேர்ந்து கழுவறேன்."

சொன்ன வாயில் அந்தப் புளிப்பு மறுபடி ஊறிற்று. தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது.

மச்சினன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்சம் கொஞ்சமாக அவன் முகம் தெளிந்தது.

"அப்ப அது என் பீருதான்," என்றான். "குழாய் இல்லன்னா வேற என்ன? என் கையில வந்த ருசிதான் அது. ஏதோ ஒண்ணு பண்ணியிருக்கேன், என்னன்னு எனக்கே தெரியல, இன்னிக்கித் தவறிப் போச்சு." கம்பெனி அம்மாவிடம் திரும்பினான். "மேடம், எனக்கு ஆறு மாசம் குடுங்க. அத நான் திரும்பப் புடிச்சுக் காட்டறேன்."

"புடிச்சா கூப்பிடுங்க," என்றார் அந்தம்மா. அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டார்.

"ஆறு மாசமா?" என்றார் குழாய்க்காரர். "வேலைக்குப் போறேன்னு அக்காகிட்ட சத்தியம் பண்ணினியே."

"அது பீரு நல்லா இல்லன்னாத்தானே அத்தான்? நல்லா இருந்தத நீங்களே இப்பச் சொல்லிட்டீங்களே. ராத்திரி பகலா உக்காந்தாத்தான் அத மறுபடி கண்டுபுடிக்க முடியும். வேலையில இருந்துகிட்டு நடக்காது." போனை எடுத்தான். "அக்கா? ஆமா, அத்தான் குடிச்சுப் பாத்துட்டாரு. விஷயம் இருக்குன்னுட்டாரு. திங்கக்கிழமை லெட்டர் குடுத்துடறேன். இரு, நீயே கேளு."

போனை அவர் காதில் வைத்தான். அந்தப் பக்கம் மனைவி கேட்டாள்.

"நெஜமாங்க? நம்பலாமா?"

மச்சினன், முதலாளி, நோட்டு, பல் டாக்டர், எல்லோரும் சிரித்த முகமாக அவரைச் சுற்றி நின்றார்கள்.

"நம்பலாம்," என்றார் குழாய்க்காரர்.